குணமாகுமுன்னே ஸ்தோத்திரம் சொன்னால் அது பொய்யாகாதா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் கணவருக்குப் பதினான்கு மாதமாக டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள். நான் போகிற உபவாச ஜெபத்தில், 'குணமாகிவிட்டது என்று இப்போதே ஸ்தோத்திரம் சொல்லு, சாட்சியும் சொல்லு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் அது அவிசுவாசம்' என்கிறார்கள். ஸ்தோத்திரம் என்று வாயைத் திறந்தால் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. சொல்லாவிட்டால் என்னால்தான் அவருக்குக் குணமாகவில்லையோ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. நான் என்ன செய்ய?"

அன்பான சகோதரி, வேதத்துக்குப் போகுமுன் ஒரு விஷயத்தை முடித்துவிடுகிறேன். டயாலிசிஸை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். சிறுநீரகம் வேலை செய்யாதபோது உடம்பில் தண்ணீர் தேங்கி நுரையீரல் வரை ஏறும். பொட்டாசியம் கூடினால் எந்த அறிகுறியும் காட்டாமலேயே இருதயம் நின்றுபோகலாம். ஒரு தடவை தவறினால்கூட ஆபத்து. அந்த மிஷின் ஓடுகிற நான்கு மணி நேரமும் தேவன் உங்கள் கணவரைத் தாங்குகிற நேரம்தான். அதை அவிசுவாசம் என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நேரம் ஜெபிக்கிறவராக இருந்தாலும், இந்த ஒன்றில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் போதகனாக இருந்தவன் சொல்கிறேன். மருந்தை நிறுத்தினவர்கள் வீட்டு அடக்க ஆராதனையை நான் நடத்தியிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண்களின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொல்வது வேதத்தில் உண்டு. மனிதர் கற்பித்த உபாயம் அல்ல அது. ஆனால் வேதத்தில் இருக்கிறதும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஒன்றல்ல. எதற்காக ஸ்தோத்திரம் சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

உங்களிடம் அவர்கள் எடுத்துக் காட்டியிருக்கக்கூடிய வசனம் மாற்கு 11:24. ஜெபம்பண்ணும்போது கேட்டவைகளைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள், அவைகள் உங்களுக்கு உண்டாகும் என்று ஆண்டவர் சொன்னது. அது மெய்யான வாக்கு. நான் அதைத் தண்ணீர் ஊற்றிக் குறைக்கப் போவதில்லை. ஆனால் அதே புத்தகத்தில் மூன்று அதிகாரம் தள்ளிப் பாருங்கள். சிலுவைக்கு முந்தின இரவு அதே வாய் கெத்செமனே தோட்டத்தில் ஜெபிக்கிறது: "எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." பாத்திரம் எடுபட்டுவிட்டது என்று சொல்லி அவர் எழுந்து போகவில்லை. கேட்டார், பிதாவின் கையில் விட்டார். விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் அவருக்குப் பாத்திரம் நீங்கவில்லை என்று சொல்ல எந்த ஊழியக்காரருக்கும் நா எழாது. அப்படியிருக்க, உங்கள் வீட்டைப் பார்த்து மட்டும் அதை எப்படிச் சொல்கிறார்கள்?

வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்போம் இல்லையா? பணம் கைமாறிவிட்டால் வீடு நமக்குத்தான், உரிமையாளர் இனி வேறொருவருக்குக் கொடுக்கக்கூடாது. ஸ்தோத்திரத்தையும் நம்மில் பலர் அப்படித்தான் செலுத்துகிறோம். ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லியாயிற்று, இனி அவர் செய்துதான் ஆகவேண்டும் என்று. ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்கிற வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மனதார அதைச் சொல்லிப் பெலன் பெற்ற தாய்மாரை எனக்குத் தெரியும். ஆனால் எண்ணிக்கை முடிந்ததும் தேவன் கடன்காரராகிவிட்டார் என்று நினைத்தால், அது விசுவாசம் இல்லை, பேரம்.

அப்படியானால் வேதத்தில் உள்ளவர்கள் முன்கூட்டி என்னதான் சொன்னார்கள்?

யோசபாத் ராஜாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2 நாளாகமம் 20. மோவாபியரும் அம்மோனியரும் சேயீர் மலைத் தேசத்தாருமாகப் பெருங்கூட்டம் யூதாவின்மேல் வருகிறது. படைக்கு முன்னால் பாடகரை நிறுத்தி, துதித்துக்கொண்டே தெக்கோவா வனாந்தரத்துக்குப் போனார்கள், கர்த்தர் ஜெயம் கொடுத்தார் என்று நாம் எத்தனையோ தடவை பிரசங்கம் கேட்டிருக்கிறோம். கேட்காத பகுதி ஒன்று உண்டு. அந்தப் பாடகர் என்ன பாடினார்கள்? "சத்துரு விழுந்தான்" என்றா? "ஜெயம் எங்களுக்கு" என்றா? கர்த்தர் தம் ஆவி இறங்கின ஒரு லேவியன் மூலம் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், "இந்த யுத்தம் உங்களுடையதல்ல" என்று. அப்படி நேரடி வாக்கு இருந்தும் அவர்கள் முடிவைப் பாடவில்லை. "கர்த்தரைத் துதியுங்கள், அவர் கிருபை என்றும் உள்ளது" என்று பாடினார்கள். அவ்வளவுதான். ஒரே வரி. அதுவும், "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று ராஜாவே சபை நடுவில், பெண்களும் குழந்தைகளும் நிற்க, வாய்விட்டுச் சொன்ன பிறகு. பயந்தான் என்றே அந்த அதிகாரம் சொல்கிறது. பயத்தை மறைத்துக்கொண்டு பாடப்பட்ட பாட்டு இல்லை அது.

இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வேதத்தில் நடந்து பாருங்கள். எருசலேமை எதிரிகள் முற்றுகையிட்டிருக்க, எரேமியா காவல்வீட்டின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பாழாய்ப்போன இந்த இடத்தில் மறுபடியும் இதே வரி பாடப்படும் என்று அங்கே வைத்துத்தான் கர்த்தர் அவருக்குச் சொல்கிறார் (எரேமியா 33:11). பாபிலோனிலிருந்து ஜனங்கள் திரும்பி வந்து ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளில் மறுபடியும் அதே வரி (எஸ்றா 3:11). கவனியுங்கள், ஆலயம் கட்டி முடிந்த நாளில் அல்ல. சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் அஸ்திபாரம். அதன் பிறகு எதிரிகளால் வேலை நின்றுபோனது. கட்டி முடிய ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. முதல் ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த முதியவர்கள் அந்த அஸ்திபாரத்தைப் பார்த்துச் சத்தமிட்டு அழுதார்கள் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. சந்தோஷச் சத்தம் எது, அழுகைச் சத்தம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் கலந்து வெகுதூரம் கேட்டதாம். அழுதவர்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. "ஸ்தோத்திரத்தைக் கெடுக்காதே" என்று யாரும் அதட்டவில்லை.

நான் இந்த வரியைப் பின்தொடர்ந்து போய் ஆடிப்போன இடம் ஒன்று உண்டு. கடைசி இராப்போஜனம் முடிந்ததும் ஆண்டவரும் சீஷரும் ஸ்தோத்திரப் பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மாற்கு 14:26 சொல்கிறது. பஸ்கா இரவில் யூதர் பாடிவந்தது சங்கீதம் 113 முதல் 118 வரை. போஜனத்துக்குப் பிறகு பாடி முடிக்கிறது 118-ஆம் சங்கீதத்தில். அந்தச் சங்கீதம் தொடங்குவதும் முடிவதும் எப்படி? "கர்த்தரைத் துதியுங்கள், அவர் நல்லவர், அவர் கிருபை என்றுமுள்ளது." கையில் ஆணி ஏறுவதற்கு முந்தின இரவு, எல்லாம் தெரிந்தவராக அவர் பாடினது அதே வரியாகத்தான் இருந்திருக்கும். அதைப் பாடிவிட்டு, தோட்டத்துக்குப் போய், முகங்குப்புற விழுந்து, பாத்திரம் நீங்க வேண்டும் என்று கேட்டார். பாட்டும் அந்தக் கதறலும் ஒரே இரவில், ஒரே வாயிலிருந்து.

சகோதரி, நீங்கள் சொல்லவேண்டிய ஸ்தோத்திரம் இது. "என் கணவர் குணமாகிவிட்டார், ஸ்தோத்திரம்" என்பது நடந்ததைப் பற்றிய பேச்சு. நடக்காததை நடந்ததென்று சொன்னால் உங்கள் மனசாட்சி குத்தத்தான் செய்யும். அந்தக் குத்தலைப் பிசாசு என்று விரட்டாதீர்கள். அது தேவன் வைத்த உண்மை. "நீர் நல்லவர், உம்முடைய கிருபை என்றுமுள்ளது, ஸ்தோத்திரம்" என்பது அவரைப் பற்றிய பேச்சு. அது ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் ஏறினாலும் இறங்கினாலும் பொய்யாகாது. நாளைக்கு என்ன வரும் என்று தெரியுமுன்னே அதைச் சொல்கிறீர்கள் பாருங்கள், அதுதான் முன்கூட்டிச் சொல்வது.

லாசருவின் கல்லறையிலும் இப்படித்தான். கல்லைப் புரட்டிவிட்டார்கள், செத்தவர் இன்னும் உள்ளே கிடக்கிறார், நான்கு நாள் ஆயிற்று. அப்போது ஆண்டவர் கண்களை ஏறெடுத்து, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார். அவர் ஸ்தோத்திரம் சொன்னது, தமக்குச் செவிகொடுத்த பிதாவுக்கு. அதற்குச் சில வசனம் முன்னால் "இயேசு கண்ணீர் விட்டார்" என்று இருக்கிறது. சில நிமிஷத்தில் உயிரோடு எழுப்பப்போகிறவர், அதைத் தெரிந்தே வந்தவர், அழுதுவிட்டுத்தான் ஸ்தோத்திரம் சொன்னார். நீங்கள் அழுவதற்கு யாரிடமும் உத்தரவு கேட்கவேண்டியதில்லை.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இந்தப் பாடம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடு. அப்பா பனையேறி. நான் ஆறாம் வகுப்பு படிக்கிறபோது, பதனீர் நன்றாக இறங்குகிற சித்திரை மாசம், பாளை சீவப் போனவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. அந்த வருஷம் முழுக்கப் படுக்கை. எங்கள் சபையில் பிடி அரிசிக் காணிக்கை உண்டு. தெற்கே உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, அரிசி களைகிறதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வாரக் கடைசியில் சபையிலிருந்து ஓர் அம்மா ஓலைப்பெட்டியோடு வந்து வாங்கிக்கொண்டு போவார்.

அப்பா விழுந்த பிறகு எங்கள் வீட்டில் உலை வைப்பது ஒரு வேளைதான். சில நாள் அரிசியே முக்கால்படி கூட இருக்காது. அதிலும் அம்மா முதலில் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவார். போடும்போது உதடு அசையும், சத்தம் வராது. ஒரு நாள் பசி தாங்காமல், அம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, கலயத்தில் கிடந்த அரிசியையெல்லாம் எடுத்து நான் பானையில் கொட்டிவிட்டேன். அம்மா வந்தார். கலயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று சுவரோடு ஒண்டி நின்றேன். அடிக்கவில்லை. பானைக்குள் கைவிட்டு மறுபடி ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட்டு, "தம்பி, இது அவரு தரணும்னு குடுக்கது இல்ல. அவரு தந்துட்டுதான் இருக்காருன்னு நமக்கு மறந்து போயிரக் கூடாதுல்லா, அதுக்கு," என்றார். பிறகு அடுப்பை ஊதப் போய்விட்டார்.

அதே அம்மா ராத்திரி அப்பா தூங்கின பிறகு திண்ணையில் உட்கார்ந்து, "ஏன் ஆண்டவரே, ஏன்" என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுவதை நான் பாயில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அந்தப் பிடி அரிசியும் இந்த அழுகையும் இரண்டு பேருடையது இல்லை.

அப்பா எழுந்து நடந்தார். ஆனால் பிறகு ஒருநாளும் மரம் ஏறவில்லை. அடுத்தவர் விடிலியில், அதாவது பதனீர் காய்ச்சுகிற குடிசையில், கருப்பட்டி காய்ச்சுகிற வேலை பார்த்தார். வாங்கின கடன் அடைய எனக்கு வேலை கிடைக்கவேண்டியிருந்தது. அம்மா கேட்டபடியெல்லாம் நடந்தது என்று சாட்சி சொல்ல எனக்கு வழியில்லை. கலயத்தில் பிடி அரிசி விழாத நாளும் எனக்கு ஞாபகம் இல்லை.

இதை இன்னும் பெரிய துயரத்தில் செய்தவர்கள் உண்டு. மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஜெர்மனியில் ஐலன்பர்க் பட்டணத்துப் போதகர். முப்பதாண்டுப் போர் காலம். மதில் சூழ்ந்த அந்த ஊருக்குள் அகதிகள் வந்து நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 1637-இல் கொள்ளைநோய் வந்தது. மற்றப் போதகர்கள் செத்தும் போயும் ஒழிய, இவர் ஒருவர் மிஞ்சி, அந்த ஒரே வருஷத்தில் 4,000-க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அதில் அவர் மனைவியும் ஒருவர். இந்த மனிதர் தம் பிள்ளைகளோடு சாப்பாட்டு மேஜையில் பாட எழுதின நன்றிப் பாட்டு இன்றைக்கும் உலகமெங்கும் சபைகளில் பாடப்படுகிறது. போர் முடிந்து சமாதானம் கையெழுத்தானது 1648-இல். பாட்டு அதற்குப் பல வருஷம் முந்தியது. சமாதானத்தைப் பார்த்துவிட்டு எழுதின நன்றி அல்ல அது.

ஒரு கஷ்டமான வசனத்தைத் தாண்டிப் போகக்கூடாது. 1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறது. எல்லாவற்றிலேயும் என்றால் அந்தச் சூழ்நிலைக்குள் இருந்துகொண்டு. இதில் நமக்குச் சிக்கல் இல்லை. ஆனால் எபேசியர் 5:20 "எல்லாவற்றிற்காகவும்" என்கிறது. அப்படியானால் சிறுநீரகம் கெட்டதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா? என் புத்திக்கு எட்டினதைச் சொல்கிறேன். நோயை நல்லது என்று சொல்ல வேதம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மரணத்தைக் கடைசிச் சத்துரு என்றுதான் பவுல் அழைக்கிறார். சத்துருவுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. இந்த நோய்கூடத் தேவனுடைய கைக்கு வெளியே இல்லை, இதையும் அவர் வீணாக விடமாட்டார் என்பதற்காக ஸ்தோத்திரம் சொல்லலாம். சில பேருக்கு அது உடனே வரும். சில பேருக்குப் பல வருஷம் கழித்து, திரும்பிப் பார்க்கும்போது வரும். உங்களுக்கு இன்றைக்கு வரவில்லையென்றால் வற்புறுத்தி வரவழைக்காதீர்கள்.

இனி நடைமுறைக்கு. டயாலிசிஸ் நாளில் ஊசி குத்துவதற்கு முன்னால், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு வரியை இரண்டு பேரும் சொல்லுங்கள். சத்தமாக வேண்டாம். அதன் பிறகு உங்கள் வேண்டுதலைத் தயங்காமல் கேளுங்கள்: சுகம் வேண்டும், பொருந்துகிற சிறுநீரகம் கிடைக்க வேண்டும், இன்றைக்கு பிரஷர் இறங்காமல் இருக்க வேண்டும், பஸ்ஸில் உட்கார இடம் வேண்டும். பிலிப்பியர் 4:6 சொல்கிறபடி, "ஸ்தோத்திரத்தோடே கூடிய" விண்ணப்பம். ஸ்தோத்திரம் சொல்லியாயிற்று, இனிக் கேட்டால் அவிசுவாசம் என்று எந்த வசனமும் இல்லை. தம் மாம்சத்தில் வருத்தின முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் கேட்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பது.

அந்த வரிகூட வாயில் வராத நாள் வரும். அப்போது சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். முழுக்க இருட்டு, முடிவிலும் விடியாத சங்கீதம். தேவன் அதையும் ஜெபம் என்று எண்ணித்தான் வேதத்துக்குள் வைத்திருக்கிறார். அல்லது உங்களுக்காக இன்னொருவர் அந்த வரியைச் சொல்லட்டும். திமிர்வாதக்காரனைக் கூரை வழியாய் இறக்கினார்களே, ஆண்டவர் "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் இருக்கிறது. கட்டிலைச் சுமந்தவர்களின் விசுவாசம். உங்கள் சபையில் அப்படிச் சுமக்கிற நாலு பேரைத் தேடுங்கள், பரீட்சை வைக்கிறவர்களை அல்ல. இருந்து பார்த்து, மருந்தை நிறுத்தச் சொல்லி அந்தக் கூட்டத்தில் மறுபடி வற்புறுத்தினால், அங்கே போவதை நிறுத்துங்கள். அதனால் கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார்.

சாட்சி சொல்ல எழுப்பினால் என்ன சொல்வது என்ற கேள்வியும் உங்களுக்கு இருக்கும். எழுந்து நின்று இவ்வளவு சொல்லுங்கள்: "என் வீட்டுக்காரருக்கு இன்னும் சுகமில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருகிறோம். பதினான்கு மாதமாகக் கர்த்தர் எங்களை நடத்திவருகிறார். அவர் நல்லவர், அவர் கிருபை என்றுமுள்ளது. எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்." சொல்லிவிட்டு உட்காருங்கள். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்லுங்கள்.